நாய்ப் படமும் யாழ்ப்பாண மணிக்கூடும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் நானும் வந்து உட்காருவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள். அதிலும் கணக்குப் பாடம் கைவிட்டுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில், தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிற ஆள். கோயில் மலருக்கு ஒருமுறை மோதகம் அவிக்கும் முறையை எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது அதில் சர்க்கரை விடுபட்டிருந்தது. பிழை அவர்களுடையதா என்னுடையதா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருந்தது. அத்தோடு எழுத்தை விட்டிருந்தேன்.

இப்போது எழுத வைத்தவள் என் மகள். சென்ற மாதம் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது அவளுடைய மடிக்கணினியையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். வைத்தால் மறுநாள் விடியும்வரை தொட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

“ஏலாதம்மா, எனக்கு அசைன்மென்ட் கிடக்கு. லாப்டொப்பை எல்லாம் ஆராவது சாமிக்கு வைப்பினமே?”

“உன்ர அம்மம்மா கார்ட்டூன் படத்தையே வைச்சவ” என்றேன்.

அவள் சிரித்தாள். இந்த வருடம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அதனால் நான் உற்சாகப்பட்டுப் படத்தின் கதையையும் சொல்லிவிட்டேன். ஒரு நாய், ஒரு பேக்கரி, பொங்கி வழிகிற மா. அவள் அதையெல்லாம் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். நான் விளக்குத் திரியைத் திரித்து முடிப்பதற்குள், “அம்மா, இதுவோ பாருங்கோ” என்று திருப்பிக் காட்டினாள்.

அதுவேதான். பழைய கார்ட்டூன் படச்சுருள்களைச் சேர்க்கிறவர்கள் யாரோ அதை இணையத்தில் போட்டிருந்தார்கள். படத்தின் நடுப்பகுதியில், இடது ஓரத்தில், ஒரு சிவப்புக் கறை சில விநாடிக்கு ஒருமுறை வந்து வந்து போனது. கீழே பலர் கருத்து எழுதியிருந்தார்கள். கடைசிக் காட்சி முழுதாக இருக்கிற பிரதி இது ஒன்றுதானாம். எத்தனையோ பேர் இதைத் தேடித் திரிந்தார்களாம். சிவப்புக் கறையைப் பற்றித்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சுருள் பழுதாகும்போது அப்படி நிறம் வரும் என்றார் ஒருவர். படத்தை வரைந்தவரே வேண்டுமென்று பூசியது என்றார் இன்னொருவர்.

“அது அம்மா வைச்ச பொட்டு” என்றேன்.

“அப்ப அதை எழுதுங்கோவன்” என்றாள் மகள்.

அங்கே ஆங்கிலத்தில் எழுத எனக்குத் துணிவில்லை. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கணக்காளர் பரீட்சை எழுத லண்டனுக்கு வந்திருந்த அப்பா எங்களையும் அழைத்திருந்தார். பிற்பாடு பரீட்சையும் சரிவராமல் குளிரும் சரிவராமல் எல்லோரும் திரும்பிப் போனோம். நான் கல்யாணமாகி மறுபடி வந்தது வேறு கதை. அந்த நாலு வருடமும் நாங்கள் இருந்தது கோலியர்ஸ் வுட்டில், ஒரு வீட்டின் மேல்மாடியில். இரண்டு அறை, ஒரு குசினி. அம்மாவின் தம்பியும் எங்களோடு இருந்தார். அவர்தான் மாமா. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார், வயதான வெள்ளைக்காரர்.

எங்கள் நிறத்து ஆட்களுக்கு வாடகைக்கு இடம் கிடைப்பது அப்போது இலேசான காரியமல்ல. அப்பா எத்தனையோ கதவுகளைத் தட்டி, அறை இப்போதுதான் போய்விட்டது என்று எல்லாக் கதவிலும் கேட்டுவிட்டு வந்தவர். ஆகையால் இந்த வீடு கிடைத்த பிறகு, அது கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு இரண்டாவது பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. படியில் சத்தம் வராமல் இறங்க எங்களைப் பழக்கினார். மீன் பொரித்தால் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்தார். கீழே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து தமிழிலேயே குசுகுசுத்தார்.

அப்படியும் ஒரு குற்றம் நடந்துவிட்டது. லண்டன் குளிரில் தோசை மா புளிக்காது. அம்மா எங்கெங்கோ வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மாடிப்படி முடிகிற இடத்தில் வீட்டுக்காரரின் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலமாரியைக் கண்டுபிடித்தார். உள்ளே யாழ்ப்பாணத்து வெக்கை. ஒருநாள் இரவு மாச்சட்டியை அதற்குள் வைத்தார். மா சந்தோசத்தில் பொங்கி, சட்டியை விட்டு இறங்கி, கீழ்த் தட்டில் மடித்து வைத்திருந்த வீட்டுக்காரரின் துவாய்கள் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் கத்தவில்லை. ஒரு துவாயை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, இது என்ன என்று கேட்டார். அப்பா மன்னிப்புக் கேட்ட விதத்தைப் பார்த்து அந்த மனிதருக்கே சங்கடமாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த அலமாரி எங்களுக்கு இல்லை. தோசை தட்டையாகவும் கல்லுப் போலவும் வந்தது. அம்மா அதைச் சாப்பிடுகிறபோதெல்லாம் கீழே பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

குசினித் தட்டில் அம்மாவின் மணிக்கூடு ஒன்று இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த அலாரம் மணிக்கூடு. விமானம் ஏறியபோது அதில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை அம்மா கடைசிவரை மாற்றவே இல்லை. சாவி கொடுப்பதோடு சரி. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறபோது அது நடுச்சாமத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். விரதம், அமாவாசை, பூசை எல்லாம் அந்த மணிக்கூட்டின்படிதான். பஞ்சாங்கம் ஊரில் கணித்தது, அப்படியென்றால் நேரமும் ஊர் நேரமாகத்தானே இருக்கவேண்டும் என்பது அம்மாவின் நியாயம். இதனால் சில விரதங்களை நாங்கள் ஒரு மாலைப்பொழுதில் ஆரம்பித்து அடுத்த மாலைப்பொழுதில் முடித்தோம். பள்ளிக்கூடத்தில் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

வீட்டுக்காரரின் முன்னறை முழுக்கத் தகர வட்டப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படச்சுருள். எல்லாம் பழைய காலத்துக் கேலிப்படங்கள், ஐந்து ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுபவை. பூனை, எலி, தாரா, குடைபிடித்த பன்றி. படியில் போகிறபோது கதவு திறந்திருந்தால் நான் எட்டிப் பார்ப்பேன். மாதத்தில் ஒருநாள், அவரைப் போலவே சேர்க்கிறவர்கள் சிலர் வருவார்கள். கறுப்புத் திரையைப் போட்டு, படம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டும் இயந்திரத்தின் கடகட சத்தம் மேலே எங்களுக்குக் கேட்கும். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்காது. ஓரத்துத் துளைகள் தேயாமல் இருக்கின்றனவா, எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறது, கீறல் எத்தனை, இந்தப் பிரதி எந்த நாட்டிலிருந்து வந்தது, இதெல்லாம்தான் அவர்கள் பேச்சு என்று மாமா சொன்னார். சிரிப்புப் படத்தைச் சிரிக்காமல் பார்க்கிறவர்களுக்கு அது எதற்கு என்று நான் யோசித்தேன்.

மாமாவுக்கு அந்த அறைக்குள் போகும் அனுமதி இருந்தது. அவர் யாரோடும் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளுகிற ஆள். பிஸ்கட் பாக்டரியில் ஷிப்ட் முடித்து வரும்போது உடைந்த பிஸ்கட்டுகளைக் கொண்டுபோய் வீட்டுக்காரரோடு இருந்து சாப்பிடுவார். அப்படித்தான் அந்த நாய்ப் படத்தின் கதை எங்களுக்குத் தெரியவந்தது.

வீட்டுக்காரர் அதைச் சிறுவனாக இருந்தபோது தியேட்டரில் பார்த்தவராம். ஒரு நாய் பேக்கரிக்குக் காவல் இருக்கிறது. முதலாளி தூங்கிய பிறகு மா பொங்கி எழும்புகிறது. நாய் அதை எப்படியாவது தொட்டிக்குள் அடக்கப் பார்க்கிறது. மா அடங்காமல் நாயை விழுங்கி, அதையும் சேர்த்துப் பாணாக வெந்துவிடுகிறது. பாணுக்கு வெளியே மூக்கும் வாலும் மட்டும். அகப்பட்ட பிரதிகள் எல்லாவற்றிலும் படம் அந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் தான் பார்த்தபோது நாய் வெளியே வந்தது என்பது வீட்டுக்காரரின் பிடிவாதம். அப்படி ஒரு முடிவு கிடையவே கிடையாது, நீ கனவு கண்டிருக்கிறாய் என்று அவருடைய கூட்டாளிகள் சொன்னார்கள். அதிலும் ஒருவர், மெலிந்த மனிதர், இதைச் சொல்லிச் சொல்லியே வருடக்கணக்காக அவரை வாட்டிக்கொண்டிருந்தாராம்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்குச் சில நாள் முன், எங்கிருந்தோ ஒரு பிரதி தபாலில் வந்தது. மற்றவற்றைவிடச் சுருள் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வீட்டுக்காரர் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வருவார்கள், எல்லோர் முன்னாலும்தான் முதல் தடவை ஓட்டுவேன் என்று வைத்திருந்தார். அதற்குள் முன்னறைக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். தூசியும் வாடையும் சுருளுக்கு ஆகாது என்று, அந்த ஒரு பெட்டியையும் ஓட்டும் இயந்திரத்தையும் மாமாவிடம் கொடுத்து, மேலே பத்திரமாக வைக்கச் சொன்னார். அப்பாவுக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை. என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அப்பாவின் தடித்த கணக்குப் புத்தகங்கள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், மாமாவின் திருப்புளி எல்லாம் சுவாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டன. மாமா தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுவும் ஒரு கலைதானே, அக்கா. கலைமகளுக்கு முன்னால இருக்கட்டும்.”

“உதுக்குள்ள என்ன கிடக்கு?”

“நாய்.”

“நாயோ!”

“கையால கீறின நாய், அக்கா. உயிருள்ளதில்லை.”

அம்மா யோசித்தார். பிறகு, “அப்ப பெட்டியை வைச்சு என்ன பிரயோசனம்? உள்ளுக்கிருக்கிறதை எடுத்து வை” என்றார். மாமா மூடியைக் கழற்றிச் சுருளை எடுத்து, என் வாசிப்புப் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்தார்.

அம்மா வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். சுருளிடம் வந்தபோது, இரும்புச் சக்கரத்தின் இடைவெளியில் வட்டமாக, மினுமினுப்பாக, கறுப்பாகத் தெரிந்த பக்கத்தில் ஒரு பெரிய பொட்டாகவே வைத்தார். மற்றவற்றுக்கு வைத்ததைவிட அது அழகாக அமைந்தது. முகம் போல இருந்தது. நான் கூட அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா வேலையால் வந்து பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன செய்வது? வைத்தாகிவிட்டது. விஜயதசமி விடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. காலையில் எடுத்துப் பஞ்சால் ஒற்றித் துடைத்துவிடுகிறேன், மனிதருக்கு ஒன்றும் தெரியவராது என்று மாமா உறுதி கூறினார். நாளைக்குப் பின்னேரம்தானே அவர்கள் வருகிறார்கள்.

அன்று மாலையே கதவு தட்டப்பட்டது.

வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் படியில் ஓவர்கோட் போட்ட மூன்று பேர். மெலிந்த மனிதர் ஸ்கொட்லாந்துப் பக்கம் குடிபெயர்ந்து போகிறாராம். காலை ரயிலில் போகவேண்டிவந்துவிட்டது. படத்தை இப்போதே பார்த்தால்தான் உண்டு. கீழே பெயின்ட் காயவில்லை. மேலே எங்கள் அறையில் ஓட்டலாமா என்று கேட்க வந்திருந்தார்.

“படத்தை இப்ப எடுத்துத் தரட்டாம், அக்கா” என்றார் மாமா.

“நாளைக்கு விடியத் தாறன் எண்டு சொல்லு.”

மாமா அதை ஆங்கிலத்தில் சொன்னபோது அது மிக நீண்ட பேச்சாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை கைகூப்பினார். வீட்டுக்காரர் மாமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தன்னுடைய சுருள், பூவும் ஊதுபத்திப் புகையும் சூழ, நெற்றியில் பொட்டோடு இருப்பதைக் கண்டார். அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கோபம் என்று அப்பா நினைத்தார்.

“இஞ்சேரும், எடுத்துக் குடுத்துவிடும். அந்த மனுசன்ர சாமான்தானே.”

“ஆற்ற சாமானெண்டாலும் வைச்சது வைச்சதுதான். நீங்கள் உங்கட புத்தகத்தை இப்ப எடுப்பியளோ?”

“வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எங்கை போறது?”

“எழும்புவம்” என்றார் அம்மா.

அப்பா கதிரைகளை இழுத்துப் போட்டு வந்தவர்களை இருக்கச் சொன்னார். அவர்கள் ஓவர்கோட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா போய் அவலும் கடலையும் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த ஒருவர் கடலையை ஒவ்வொன்றாக எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் உட்காரவில்லை.

மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“அக்கா, அந்தாள் சின்னனில தம்பியோட போய்ப் பார்த்த படமாம். நாய் வெளியில வந்தோண்ண ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சவையாம். உந்த ஒல்லி மனுசன் அதைத்தான் பொய்யெண்டு சொல்லுது.”

“ஏன், தம்பியாரைக் கேட்டால் தெரியும்தானே?”

“தம்பி சண்டையில செத்துப்போட்டுதாம். அந்த ஜெர்மன்காறன்ர சண்டையில.”

அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார்.

“தம்பி, அங்கை இப்ப எத்தனை மணியெண்டு குசினிக்குள்ள போய்ப் பார்த்துக்கொண்டு வா” என்றார்.

மாமா போனார். நான் இருந்த இடத்திலிருந்து குசினி தெரியும். மாமா மணிக்கூட்டைத் தட்டிலிருந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்துத் திருகாணியை விறுவிறென்று திருகுவதை நான் கண்டேன். பெரிய முள் சுற்றிச் சுற்றி ஓடியது. நிமிர்ந்தவர் என்னைக் கண்டு, ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

“அக்கா! அங்கை ஆறு தாண்டிட்டுது. விடிஞ்சு போச்சு. நாங்கள்தான் இஞ்சை இருட்டுக்குள்ள இருந்துகொண்டு கதைக்கிறம்!”

அம்மா எழுந்து போய் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றதுபோல எனக்குப் பட்டது. நாங்கள் இன்னும் இரவுச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லை. இந்த நேரத்தில் அந்த மணிக்கூட்டில் ஒருநாளும் ஆறு மணி இருந்ததில்லை. எனக்கே தெரிகிறது, அம்மாவுக்குத் தெரியாதா?

“ஓம்” என்றார் அம்மா. “விடிஞ்சிட்டுது.”

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது. கடைக்காரன் தவறுதலாகக் கூடக் கொடுத்த சில்லறையை மழைக்குள் நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அப்பா. அவருடைய கைதான் அழுத்தியது.

அம்மா கற்பூரம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம். வந்தவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்கள். அம்மா முதலில் என் வாசிப்புப் புத்தகத்தை எடுத்து என்னிடம் தந்து, இரண்டு வரி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகுதான் சுருளை எடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவரும் தொப்பியைக் கதிரையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மெலிந்த மனிதர் பொட்டைக் கிட்டத்தில் கண்டதும் தலையில் கைவைத்துவிட்டார். ஈரம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியிருக்கிற எல்லா அடுக்குக்குள்ளும் இறங்கியிருக்கும், இனி அந்தப் பிரதி கெட்டது கெட்டதுதான் என்றார். மாமா அதைத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் அம்மா புரிந்துகொண்டு முந்தானையால் துடைக்கப் போனார். வீட்டுக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அப்பாவின் பட்டுக்கரை வேட்டியைச் சுவரில் கட்டினார்கள். மின்விளக்கை அணைத்தார்கள். கடகட சத்தம் இந்தத் தடவை எங்கள் அறைக்குள்ளேயே கேட்டது. படத்தின் அடியில் வேட்டிக் கரை ஒரு வேலி போல ஓடியது. நாய் அந்த வேலிக்கு மேலாக நடந்து வந்தது.

மா மெல்ல மெல்லப் பொங்கத் தொடங்கியது. முதலில் ஒரு குமிழி. பிறகு தொட்டிக்கு மேலே ஒரு வயிறு. நாய் அதைக் கையால் அமத்தியது. மற்றப் பக்கத்தால் எழும்பியது. நாய் மூடியைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மூடியும் நாயும் சேர்ந்து மேலே போயின. மா தட்டுத் தட்டாக இறங்கி, மடித்து வைத்திருந்த மேசைவிரிப்புகளின்மேல் ஏறியபோது, இருட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அம்மா. முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தார். அடக்க முடியாமல் அது வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. “ஐயோ, துவாய்... துவாய்...” என்றார். லண்டனுக்கு வந்த பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு வெளியே இருந்த அலமாரிப் பக்கம் கையைக் காட்டி, அவரும் சிரிக்கத் தொடங்கினார். மாமா சிரித்தார். அப்பா கூட, முதலில் பயந்து பார்த்துவிட்டு, சிரித்தார். மெலிந்த மனிதரோடு வந்த இரண்டு ஓவர்கோட்காரர்களுக்கும் காரணம் தெரியாது. தெரியாமலே சிரித்தார்கள்.

அப்போதுதான் பொட்டு வந்தது. ஓரத்தில் ஒரு சிவப்பு, பளிச்சென்று வந்து மறைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. சுருள் ஒருமுறை சுற்ற ஒருமுறை. நாய் கதவின் ஓரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிற காட்சி அது. ஒரு தடவை மிகச் சரியாக அதன் நெற்றியிலேயே விழுந்தது. “அக்கா, நாய்க்கும் பொட்டு வைச்சிட்டியள்” என்றார் மாமா.

நாய் பாணுக்குள் அகப்பட்டு வெந்தது. மூக்கும் வாலும் மட்டும் வெளியே தெரிந்தன. எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் ஓட்டும் இயந்திரத்தின்மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. இங்கேதான் முடியும்.

முடியவில்லை. பாணில் ஒரு சிறு வெடிப்பு விழுந்தது. உள்ளிருந்து பல் தெரிந்தது. நாய் பாணைத் தின்று தின்று தனக்கு ஒரு வாசல் செய்துகொண்டு வெளியே வந்து, உப்பிய வயிற்றோடு உட்கார்ந்து, ஒரு ஏப்பம் விட்டது. வாயிலிருந்து மாவு புகையாகப் போனது. அந்தப் புகைக்குள் படம் முடிந்தது.

மெலிந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். வீட்டுக்காரர் கையைக் கொடுத்தார். வென்றவர் போல இருக்கவில்லை. மறுபடி ஓட்டலாமா என்று மட்டும் கேட்டார். மறுபடி ஓட்டியபோது அவர் வேட்டியைப் பார்க்கவில்லை. அம்மா சிரிக்கிற பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் அது எனக்கு விநோதமாக இருந்தது. இத்தனை பாடுபட்டுத் தேடிய படத்தை யாராவது பார்க்காமல் இருப்பார்களா?

பொட்டை அவர் பின்னாலும் துடைக்கவில்லை. கூட்டாளிகள் அதற்கென்று மருந்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்களாம், வேண்டாம் என்றாராம். அதற்கும் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லவுமில்லை.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மாமா அம்மாவை ஏமாற்றிவிட்டார், அது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். அந்த இரகசியத்தை நான் பல வருடம் பெருமையாக வைத்திருந்தேன். பாவம் அம்மா, முள்ளைத் திருப்பினால் நம்பிவிடுகிற வெகுளி என்று நினைத்துக்கொள்வேன். ஆளில்லாத குசினிக்குள் மாமாவைத் தேர்ந்து அனுப்பியதே அம்மாதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருடம் மாசியிலிருந்து வைகாசிவரை, ஊர்ப்பக்கம் கடைசிச் சண்டை நடந்தபோது, இப்போது நாங்கள் இருக்கிற ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினியில் ஒரு மணிக்கூட்டை நான் ஊர் நேரத்துக்கு வைத்திருந்தேன். அங்கே இப்போது விடிந்திருக்குமா, தொலைபேசி எடுத்தால் யாராவது இருப்பார்களா என்று பார்ப்பதற்கு. அந்த மாதங்களில் நான் உலை வைக்கும்போதும் பார்த்தேன், கை கழுவும்போதும் பார்த்தேன், காரணமே இல்லாமல் நின்றும் பார்த்தேன். அப்படி ஒரு மணிக்கூட்டைப் பார்க்கிறவளை ஒருவராலும் ஒரு நிமிடம்கூட ஏமாற்ற முடியாது. அங்கே எந்நேரம் இருட்டு, எந்நேரம் வெளிச்சம் என்பது முள்ளைப் பார்க்காமலே உடம்புக்குத் தெரியும். வீட்டைப் பறிகொடுத்தாலும் எடுக்கமாட்டேன் என்று நின்ற அம்மா, யாரோ ஒருவரின் தம்பிக்காகத் தன் ஊரையே நடுச்சாமத்தில் விடியவைத்தார். அம்மாவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள இப்போது அம்மா இல்லை.

மறுநாள் காலை நான் எழும்பிக் குசினிக்குள் போனபோது, அம்மா எங்களுடைய தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மணிக்கூட்டை மடியில் வைத்து முள்ளைப் பின்னோக்கித் திருப்பிச் சரியான யாழ்ப்பாண நேரத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்.